பாதையின் அகலம்

ஒரு வழியில் ஓடும் புகைவண்டிப் பெட்டிகள் பிறிதொரு வழிக்கும் உதவுதல் வேண்டுமாயின், இரண்டு பாதைகளும் அகலத்தால் ஒத்திருத்தல் வேண்டும். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடைப்பட்ட தொலைவே பாதையின் அகலமாகும்.

இதனைக் கடையநல்லூரார் பட்டறிந்தவர். விருதுநகரிலிருந்து அவ்வூர் வழியாகத் தென்காசிக்குச் செல்லும் மீட்டர் பாதை 2004ஆம் ஆண்டில் அகலப் பாதையாயிற்று. திருநெல்வேலியிலிருந்து தென்காசிக்கு வரும் பாதையோ 2012ஆம் ஆண்டிலேதான் அவ்வாறு மாறியது. முன்னது 1,676 மில்லிமீட்டர், பின்னது 1,000. ஆகவே, இடைப்பட்ட எட்டாண்டுகளும் கடையநல்லூர் வழியே வந்த பெட்டி ஒன்றேனும் தென்காசியினின்று திருநெல்வேலி நோக்கித் திரும்ப இயலவில்லை.

சென்னை மாநகரிலும் இவ்விடர் நெடுங்காலம் இருந்தது. 1931ஆம் ஆண்டு முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிய மின்சார வண்டிகள் மீட்டர் பாதைக்கு உரியவை. அரக்கோணத்துப் பாதையோ அகலமானது. ஒருபுறம் மக்கள் நெருக்குண்டு நிற்க, மறுபுறம் பெட்டிகள் வாளா கிடப்பினும், இதனை அதற்கு ஈய வழியில்லை. ஒவ்வொரு பாதைக்கும் தனியே மாற்றுப் பெட்டிகளும், அவற்றைப் பழுதுபார்க்கும் பணிமனையும் வேண்டும், பொருட்செலவு எத்துணை! 2004ஆம் ஆண்டில் தாம்பரத்து மீட்டர் வண்டிகள் நின்ற பின்னரே அத்தடை நீங்கிற்று.

2015ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மெட்ரோ இரயிலின் பாதை அகலம் 1,435 மில்லிமீட்டர். நீல வழி, பச்சை வழி என்னும் அதன் முதலிரு வழிகளும் ஒரே வகைப் பெட்டிகளையும் கோயம்பேட்டுப் பணிமனையையும் பொதுவாகக் கொண்டன. ஆயினும், அப்பெட்டிகள் புறநகர்ப் பாதையில் ஏற மாட்டா. பரங்கிமலையில் இருவகை வண்டிகளும் அருகருகே வந்து நிற்கின்றன. பயணியரே இறங்கி மாறிச் செல்கின்றனர்.