தஞ்சோங் துவான்: கடலோரக் குன்றில் ஒரு பாடம்

பால்மரக் காட்டில் விடியற்காலையில் நடந்து பழகியவர்களுக்கு நடை ஒரு புதுமையன்று. நிரை நிரையாக நிற்கும் மரங்களினூடே நாள்தோறும் பல கல் தொலைவு நடப்பவர்கள் நம் தோட்டத் தொழிலாளர்கள். அவர்களை நோக்கி, விடுமுறை நாளிலும் சற்று நடந்து வாருங்கள் என்று கூறினால் நகைப்புத் தோன்றக்கூடும். எனினும், ஊதியத்திற்காக நடக்கும்பொழுது நம் கண் மரப்பட்டையின் மீதும் மங்கின் மீதுமே இருக்கிறது. காட்டைக் கண்டு அறிந்துகொள்வதற்காக நடக்கும்பொழுது அதே கண் வேறு பலவற்றைக் காண்கிறது. குறைந்த செலவில் குடும்பத்தோடு மேற்கொள்ளத்தக்க அத்தகைய நடை ஒன்றினை இவ்விதழில் ஆராய்வோம்.

முனையும் அதன் வரலாறும்

போர்ட்டிக்சன் நகரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகத் தெற்கே ஏறத்தாழ 16 கிலோமீட்டர் சென்றால், தெலுக் கெமாங் கடற்கரையைக் கடந்து, கடலுக்குள் நீண்டு நிற்கும் ஒரு குன்றினைக் காணலாம். அதுவே தஞ்சோங் துவான் முனையாகும். சுற்றிலும் நெகிரி செம்பிலான் மாநிலம் இருக்க, இம்முனை மட்டும் மலாக்கா மாநிலத்திற்கு உரியதாக உள்ளது.

1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துகீசியர் இம்முனைக்குக் காபோ ராச்சாடோ எனப் பெயரிட்டனர். பிளவுண்ட முனை என்பது அதன் பொருள். கப்பல்கள் பாறைகளில் மோதாதிருக்க, 16-ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் இங்கு விளக்கு ஏற்றினர். 1606-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டச்சுக் கப்பற்படைக்கும் போர்த்துகீசியக் கப்பற்படைக்கும் இம்முனைக்கு அப்பாலுள்ள கடலில் கடும்போர் நிகழ்ந்தது. இன்று குன்றின் உச்சியில் நாம் காணும் வெண்ணிறக் கலங்கரை விளக்கம் 1863-ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் காலத்தில் எழுப்பப்பெற்றது.

வாயிலிலிருந்து கலங்கரை விளக்கம் வரை தார்ச்சாலை ஒன்று காட்டினூடே ஏறிச் செல்கிறது. குழந்தைகளும் முதியோரும் ஆங்காங்கே நின்று இளைப்பாறி இதில் நடக்கலாம். இச்சாலையிலிருந்து பிரியும் ஒற்றையடிப் பாதைகள் செங்குத்தாக இறங்கிச் சிறு கடற்கரைகளையும் பாறைகளையும் சென்றடைகின்றன. இவற்றில் நடக்க உடல் வலிமையும் விழிப்பும் தேவை.

தோட்டமும் காடும்

நம் தோட்டத்தில் நிற்பது ஒரே இன மரம். பிரேசில் நாட்டிலிருந்து 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளிலிருந்து முளைத்த கன்றுகள், மறு ஆண்டில் சிங்கப்பூர் வந்தடைந்தன. பின்னர் மலாயாவின் காடுகள் அழிக்கப்பட்டு அம்மரம் அளந்து நடப்பட்டது. அதன் அடியில் வளரும் செடிகொடிகளைக் களை என்று வெட்டி அகற்றுகிறோம். பால் எடுக்கும் தொழிலுக்கு அது வேண்டியதே.

காட்டிலோ நிரையும் இல்லை, களையும் இல்லை. உயர்ந்த மரங்கள் வெயிலை ஏந்துகின்றன. அவற்றின் கீழே நடுத்தர மரங்களும், அதற்கும் கீழே நிழலைத் தாங்கி வளரும் செடிகளும் அடுக்கடுக்காக நிற்கின்றன. பெருமழை பெய்தால் அதன் வேகத்தை இவ்வடுக்குகள் தணிக்கின்றன. வேர்கள் மண்ணைப் பற்றிக்கொள்கின்றன. உதிர்ந்த இலைகள் மக்கி மரத்திற்கே உரமாகின்றன. கடலோரக் குன்றுக்கு இது மிகவும் இன்றியமையாதது. மரத்தை வெட்டினால் மண் சரிந்து கடலில் கலக்கும். கலங்கிய நீரில் பவளமும் மீனும் நலிவுறும். மேட்டுநிலத் தோட்டங்களில் படிக்கட்டு வெட்டி மண்ணைக் காப்பதன் தேவையை அறிந்த நமக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை.

பருந்துகளின் கடற்பயணம்

இக்காட்டின் பெருஞ்சிறப்பு பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கு வந்திறங்கும் பருந்துகளாகும். ரப்பர் மரங்கள் இலை உதிர்த்துத் தளிர்க்க, பால் குறைந்து வருமானமும் குறையும் காலமும் ஏறத்தாழ இதுவே. அவ்வேளையில் வானத்தில் நிகழும் இப்பயணத்தை நம்மில் பலர் கவனித்திருக்க மாட்டோம்.

ஜப்பான், சைபீரியா, வடகிழக்குச் சீனம் ஆகிய இடங்களில் குஞ்சு பொரிக்கும் தேன்பருந்துகள் குளிர்காலத்தைத் தென்கிழக்கு ஆசியாவில் கழிக்கின்றன. சுமத்திராவிலும் ஜாவாவிலும் தங்கியவை குளிர் நீங்கியதும் மலாக்கா நீரிணையைக் கடந்து தாயகம் நோக்கித் திரும்புகின்றன. சுமத்திராவை அடுத்த ரூப்பாட் தீவுக்கும் தஞ்சோங் துவானுக்கும் இடையே கடலின் அகலம் ஏறக்குறைய 38 கிலோமீட்டர்தான். அவை இக்குறுகிய வழியைத் தேர்ந்துகொள்வதன் காரணம் யாது?

காற்றில்லாத நாளில் சருகுக் குவியலுக்குத் தீ வைத்தால் புகை நேரே மேலெழுவதைக் கண்டிருக்கிறோம். சூடான காற்று மேலே செல்லும் என்பதே அதன் காரணம். வெயிலால் நிலம் சூடேறும்பொழுதும் இவ்வாறே காற்று மேலெழுகிறது. பருந்து தன் அகன்ற சிறகினை விரித்து அக்காற்றிலே வட்டமிட்டு உயரும்; பின்னர்ச் சிறகடிக்காமலே நெடுந்தொலைவு சறுக்கிச் செல்லும். கடல் நீர் நிலத்தைப் போல் விரைவில் சூடேறுவதில்லை. ஆதலால் கடலின் மேல் அத்தகைய துணை குறைவு. பறவை தன் வலிமையால் சிறகடித்தே பறக்க வேண்டும். களைத்துப் போனால் இறங்குவதற்கு நிலம் இல்லை.

முற்பகல் பதினொரு மணியளவிலிருந்து பிற்பகல் மூன்று மணி வரை இம்முனையில் நிற்போர், கடலின் மேல் புள்ளிகளாகத் தோன்றும் பறவைகள் மெல்ல மெல்ல நெருங்கி வருவதைக் காணலாம். சில மரங்களின் உயரத்திற்குத் தாழ்ந்தே வருகின்றன. நிலத்தை எட்டியதும் குன்றின்மேல் எழும் சூடான காற்றைப் பற்றிக்கொண்டு வட்டமிட்டு உயர்ந்து வடக்கே செல்கின்றன. களைத்தவை காட்டு மரங்களில் அமர்ந்து இளைப்பாறுகின்றன. மலேசிய இயற்கைக் கழகம் 2000-ஆம் ஆண்டில் இங்குப் பருந்து காணும் நிகழ்ச்சியைத் தொடங்கியது.

தேன்பருந்து தேனீ, குளவி ஆகியவற்றின் கூட்டைக் கலைத்து, உள்ளிருக்கும் புழுக்களை உண்பது. கொட்டுதலைத் தாங்குவதற்கு அதன் முகத்திலே செதில் போன்ற அடர்ந்த சிறகுகள் உள்ளன. குளவிக் கொட்டுக்கு அஞ்சிப் பால் வெட்டும் நமக்கு இப்பறவை ஒருவகையில் உற்ற நண்பனே.

நடைக்கு முன் ஆயத்தம்

தோட்டத்தில் நடந்த பழக்கம் ஒன்றே போதும் என்று எண்ணுதல் கூடாது. இங்கே பாதை செங்குத்தானது, வேர்கள் குறுக்கிடும், மழைக்குப் பின் வழுக்கும். பின்வருவனவற்றை மனத்திற் கொள்க:

1. தனியே செல்லற்க. புறப்படும் முன் எங்குச் செல்கிறோம், எப்பொழுது திரும்புவோம் என்பதை வீட்டாரிடமோ அண்டை வீட்டாரிடமோ சொல்லிச் செல்க.

2. வழுக்காத அடியுள்ள காலணி அணிக. செருப்பு இப்பாதைக்கு ஏற்றதன்று. ஆளுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் குடிநீர், தொப்பி, சிறிதளவு உணவு, ஓர் ஊதுகுழல் ஆகியவற்றைத் தோள்பையில் இட்டுக் கொள்க.

3. குரங்குகளுக்கு உணவளித்தல் வேண்டா. கையில் நெகிழிப் பை தொங்கினால் அவை பாய்ந்து பறிக்கும். உணவளித்துப் பழக்கிய குரங்கு பின்னர் வரும் குழந்தையைக் கடிக்கும்.

4. கடற்கரைக்கு இறங்குமுன் ஏற்ற வற்ற நேரத்தைக் கேட்டறிக. இந்நீரிணையில் நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி, இருமுறை வற்றுகிறது. வற்றத்திற்கும் ஏற்றத்திற்கும் இடையே சற்றேறக்குறைய ஆறு மணி நேரமே உள்ளது. வற்றும்பொழுது பாறைகளைச் சுற்றி நடந்து சென்றவர், திரும்பும்பொழுது வழி நீரில் மூழ்கியிருக்கக் காண்பர். நீர் ஏறத் தொடங்கியதும் தயக்கமின்றி மேட்டுப் பாதைக்குத் திரும்புதல் வேண்டும்.

5. இடி முழக்கம் கேட்டால் திறந்த பாறையிலும் தனிமரத்தின் அடியிலும் நிற்கற்க.

6. வழி தவறினால் மேலும் மேலும் நடந்து காட்டினுள் செல்லாதீர். நின்ற இடத்திலேயே இருந்து, ஊதுகுழலை மும்முறை ஊதி, சற்று நிறுத்தி, மீண்டும் ஊதுக. கைத்தொலைபேசி வேலை செய்யுமாயின் 999 என்னும் எண்ணை அழைக்க.

நம் பொறுப்பு

இக்காட்டின் பரப்பு 250 ஏக்கருக்கும் குறைவு. பெருந்தோட்டம் ஒன்றின் ஒரு பிரிவுகூட இதனினும் பெரிதாக இருக்கும். சுற்றிலும் விடுதிகளும் வீடுகளும் பெருகிவிட்ட கடற்கரையில் எஞ்சியுள்ள சிறு காடு இது. கடலைக் கடந்து வரும் பறவைக்கு முதலில் தென்படும் மரமும் இதுவே. இந்த மரங்கள் இல்லாது போயின், களைத்து வந்த பறவை கூரைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் நடுவே அமர இடம் தேட நேரும்.

ஆகவே அங்குச் செல்வோர் குப்பையைத் திருப்பி எடுத்து வருதல் வேண்டும். தீ மூட்டுதலும், செடிகளைப் பிடுங்குதலும், கவண் கொண்டு பறவைகளை அடித்தலும் அறவே கூடா. கலங்கரை விளக்கத்தின் வேலிக்குள் அனுமதியின்றி நுழைதலும் தவறு. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்று, நம் பிள்ளைகளும் அப்பறவைகளைக் காண வேண்டும் என்பதற்காகவும் இவற்றைக் கடைப்பிடிப்போமாக.

பல குடும்பங்கள் ஒன்றுகூடி வேன் ஒன்றை அமர்த்திக்கொண்டால் தலைக்கு ஆகும் செலவு சிறிதே. மார்ச்சு மாத ஞாயிறு ஒன்றில் பிள்ளைகளை அழைத்துச் சென்று கடலின் பக்கம் நோக்கி நிற்கச் செய்யுங்கள். ஒற்றைப் பருந்தையேனும் அவர்கள் கண்டு எண்ணி வருவார்களாயின் அந்நாள் பயனுள்ள நாளாகும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. பருந்துகள் நள்ளிரவில் கடலைக் கடக்காமல் பகலில் கடப்பது ஏன்?

2. நம் தோட்டத்து மேட்டு நிலத்தில் மண் அரிப்பைத் தடுக்க என்ன செய்யப்பட்டுள்ளது? காடு அதே பணியை எவ்வாறு செய்கிறது?

3. காலை ஒன்பது மணிக்குக் கடல் முற்றிலும் வற்றியிருந்தால், எத்தனை மணியளவில் நீர் நிறைந்திருக்கும்?