முருங்கையைத் தாக்கும் மூன்று புழுக்கள்: இனம் கண்டுகொள்வது எப்படி?

கூடங்குளம் அடங்கிய ராதாபுரம் வட்டத்தில் முருங்கை சாகுபடி செய்யும் விவசாயிகள், புழுவைக் கண்டதும் கைத்தெளிப்பானை எடுத்துவிடுகிறார்கள். முருங்கையைத் தாக்கும் புழுக்களில் மூன்று முக்கியமானவை. மூன்றும் அந்துப்பூச்சிகளின் புழுக்களே. ஆனால் அவை தங்கும் இடம் வேறு; அழிக்கும் முறையும் வேறு.

கம்பளிப்புழு (யூப்டிரோட் மொல்லிஃபெரா)

பழுப்பு நிறமாய், உடல் முழுவதும் அடர்ந்த ரோமத்துடன் இருக்கும். தனித்து இராது, அடிமரத்தில் கூட்டமாக அப்பியிருக்கும். பட்டையைச் சுரண்டும், இலைகளைத் தின்று மரத்தை மொட்டையாக்கும். தாய்ப்பூச்சி பெரியது; வெளிர் மஞ்சள் கலந்த பழுப்பு நிறமுடையது.

மொட்டுப்புழு (நூர்டா மொரிங்கே)

அழுக்குப் பழுப்பு நிறம், முதுகின் நடுவே ஒரு கோடு, தலை கறுப்பு. பூமொட்டைத் துளைத்து உள்ளே இருந்து தின்னும். பெரும்பாலும் ஒரு மொட்டில் ஒரு புழுதான் இருக்கும். மரத்தடியில் மொட்டுகள் உதிர்ந்து கிடந்தால் சிலவற்றைப் பிளந்து பாருங்கள். துளையும் புழுவும் இருந்தால் இதுவே காரணம்.

இலைப்புழு (நூர்டா பிளிட்டியாலிஸ்)

மொட்டுப்புழுவின் இனத்தைச் சேர்ந்தது. ஆனால் இது இலையில் இருக்கும். பச்சையத்தைத் தின்றுவிடுவதால் இலைகள் தாள் போலாகிவிடும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

கம்பளிப்புழுவுக்கு மருந்துச் செலவு வேண்டாம். முட்டைக் குவியல்களைச் சேகரித்து அழிக்கவும். அடிமரத்தில் கூடியுள்ள புழுக்களைப் பட்டை கருகாதபடி தீப்பந்தத்தால் பொசுக்கலாம். ரோமம் பட்டால் அரிக்கும். வெறுங்கையால் தொட வேண்டாம். மழை பெய்தவுடன் ஹெக்டேருக்கு ஒரு விளக்குப் பொறி வைத்துத் தாய்ப்பூச்சிகளைக் கவர்ந்து அழிக்கவும்.

மொட்டுக்குள் நுழைந்துவிட்ட புழுவின் மேல் மருந்து படாது. ஆகவே துளைபட்ட மொட்டுகளையும், உதிர்ந்தவற்றையும் அன்றாடம் பொறுக்கிப் புழுவுடன் அழிக்க வேண்டும்.

மூன்று புழுக்களும் மண்ணில்தான் கூட்டுப்புழுவாகின்றன. மரத்தைச் சுற்றி உழுதோ கொத்தியோ விட்டால் அவை வெயிலிலும் பறவைகளாலும் மடியும்.

இலைப்புழு மிகுந்தால் 10 லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, இரவு முழுவதும் ஊறவைத்து, வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிக்கலாம்.

பூத்திருக்கும் மரத்தில் கடும் விஷ மருந்து அடித்தால் தேனீக்கள் மடியும், காய்ப்பிடிப்பும் குறையும். முருங்கைக் கீரை நம் வீட்டு உலைக்கும் வருவது என்பதை மறக்கலாகாது. முதலில் புழு இருக்கும் இடத்தைப் பாருங்கள். பிறகு முறையைத் தேர்ந்தெடுங்கள்.