எங்கிருந்து வந்தது? புத்தரிசி விழா

கேள்வி: ஆகஸ்ட் 1ஆம் திகதி ஐரோப்பாவில் 'லம்மாஸ்' என்று முதல் அறுவடையைக் கொண்டாடுகிறார்களாம். கிறிஸ்தவத்துக்கும் முந்திய வழிபாடு என்கிறார்கள். அது நம் பக்கம் எப்போது வந்தது? (கட்டுகஸ்தோட்டை வாசகர்)

பதில்: வரவே இல்லை! விழாவின் வயதைக் கேட்பவர் முதலில் வயலைக் கேட்க வேண்டும் என்பது இந்தப் பகுதியின் ஓயாத வாதம். ஆகஸ்டில் முற்றுவது அவர்களுடைய கோதுமை. இங்கே வடகீழ்ப் பருவமழையை நம்பி விதைத்த பெரும்போகம் தை பிறக்கும்போதுதான் அரிவாளுக்குத் தலைகுனிகிறது.

கண்டியின் முதல் அறுவடை விழாவுக்கு 'அலுத் சஹல் மங்கல்லய' என்று பெயர். தலதா மாளிகையின் நான்கு வருடாந்த விழாக்களில் ஒன்று. ஜனவரிப் பௌர்ணமியான துருத்து போயாவை ஒட்டி வரும். மாளிகைக்குரிய குருதெனிய, பல்லேகலை நிலங்களின் நெல்லே இதற்குரியது. மாளிகையின் பொறுப்பாளரான தியவதன நிலமே பல்லேகலைக் களஞ்சியத்துக்குச் சென்று நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களுக்கு உரிய பங்கை அளந்து கொடுப்பார். புத்தரிசிச் சோறு புனித தந்தத்துக்குப் படைக்கப்படும்.

கண்டி அரசு 1815இல் வீழ்ந்த பின் இங்கே இருந்த படை மருத்துவர் ஜோன் டேவி, 1821இல் வெளியிட்ட நூலில் மன்னர் காலத்து விழாவை விவரிக்கிறார். அரண்மனைச் சோதிடர்கள் நல்ல நேரம் குறிப்பார்கள். நெல் புதுப்பானையிலும் அரிசி வெள்ளைப் பையிலும் வரும். பெரஹரா ஊர்வலத்துக்கு யானை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது. இந்த விழாவுக்கு உழவரின் உழைப்பு இருக்கிறது. பெரஹராவைப் பற்றி எழுதுவோர் இதற்கும் நாலு வரி ஒதுக்கலாம்.

லம்மாஸோ, பழைய ஆங்கிலேயக் கிறிஸ்தவர்கள் புதுக்கோதுமை ரொட்டியை ஆலயத்தில் ஆசீர்வதித்த நாள். அயர்லாந்தில் அதே காலத்தில் வரும் 'லூனாசா'தான் கிறிஸ்தவத்துக்கு முந்தியது. இரண்டையும் ஒன்றாக்கி, ஆண்டுக்கு எட்டு விழா என்று வகுத்தவர்கள் 1950களில் சூனிய வழிபாட்டைப் புதுப்பித்த ஆங்கிலேயர்கள். அவர்களின் முன்னோடி ஜெரால்ட் கார்ட்னர். அவர் கண்டியில் குடியிருந்தவர்!

கேள்வி: அப்படியானால் கார்ட்னர் நம்மிடமிருந்து எடுத்துப் போனாரா? (பேராதனை வாசகி)

பதில்: ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஆதாரம் இல்லை. 1884இல் பிறந்த கார்ட்னர், தன்னை வளர்த்த தாதியோடு பதின்ம வயதில் இலங்கைக்கு வந்து மஸ்கெலியாவில் தேயிலைத் தொழில் பழகினார். 1901இல் சிறிது காலம் கண்டியில் ஒரு பங்களாவில் வாழ்ந்தார். பக்கத்து பங்களாவிலிருந்து அப்போதுதான் வெளியேறியிருந்தவர், மாந்திரீகத்தில் பேர்போன அலிஸ்டர் குரோலி. பின்னர் ஹோர்ட்டன் சமவெளிக்குக் கீழே நொன்பரேல் தோட்டத்தில் சின்னத்துரையானார். காடுகளில் அலைந்தார், கிராமத்தாரின் பௌத்த நம்பிக்கைகளை ஆர்வமாகக் கேட்டறிந்தார். 1954இல் அவர் வெளியிட்ட நூலோ ஐரோப்பியச் சூனிய மரபைத்தான் பேசுகிறது. தேயிலைக் கொழுந்துக்கு ஏது தைமாத அறுவடை? மலையில் இருந்தவர் வயலைத் தவறவிட்டிருக்கலாம்.

துருத்து போயாவுக்கு உறவு தேட இங்கிலாந்து வரை போக வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர், அதாவது புதுநெல், எடுப்பார்கள். நல்லூர் கந்தசுவாமி கோயிலுக்கு மறவன்புலவு வயலிலிருந்து புதுக்கதிர் வரும். 2024இல் துருத்து போயாவும் தைப்பூசமும் ஒரே நாள், ஜனவரி 25. ஒரே நிலவின் கீழ் மாளிகையிலும் கோயிலிலும் புதுநெல். அந்த ஒற்றுமையைப் பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளைகள் படிப்பார்கள்.

கேள்வி: எல்லாம் சரி, புத்தரிசியில் சோறு ஏன் குழைகிறது? (கம்பளை வாசகி)

பதில்: புதிய அரிசி தண்ணீரைக் குறைவாகவே உறிஞ்சி, வேகும்போது ஒட்டிக்கொள்ளும். சில மாதம் இருப்பில் கிடந்தது கூடுதல் நீர் குடித்து உதிரியாக வரும். பொங்கலுக்கும் துண்டு துண்டாக வெட்டி வைக்கும் கிரிபத்துக்கும் புதியதே பொருத்தம். உலையில் வழக்கத்தைவிடச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் வையுங்கள். புரியாணிக்கு மட்டும் பழைய மூட்டையை அவிழுங்கள்.