மார்கழியும் தையும்: வீட்டில் வைக்கும் செம்மலர்கள்

கார்த்திகைத் தீபம் முடிந்து மார்கழி பிறந்துவிட்டால் காளையார்கோவில் வட்டாரத்து வீடுகளில் பூவுக்கான செலவு கூடிவிடுகிறது. காளீசுவரர் கோயிலுக்குச் செல்வோர் இல்லங்களில் கோலமும் மாலையும், கிறித்தவர் இல்லங்களில் குடிலும் விண்மீன் விளக்கும், அவற்றைத் தொடர்ந்து பொங்கலும் மாட்டுப் பொங்கலும் என்று ஏறத்தாழ ஒரு மாத காலம் வாசல்கள் வெறுமையாய் இருப்பதில்லை. இக்காலத்தில் பலர் விரும்பி வைப்பது சிவப்பு நிறப் பூக்களையே. நோயாளி உள்ள வீட்டில் எந்தப் பூவை எங்கே வைப்பது என்று துணையிருப்போர் எங்களிடம் கேட்பதுண்டு. அதற்கு விடையாகவே இம்மாதப் பாடத்தை எழுதுகிறோம்.

முதலில் அச்சம் தேவையற்ற பூக்களைப் பார்ப்போம். செம்பருத்தி நஞ்சற்றது. காலையில் விரிந்து மாலையில் சுருங்கிவிடும். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மையுடையது. காற்றில் பறந்து மூக்கை அடைவது அரிது. மணமும் இல்லை. ஆதலால் இளைப்பு நோய் உள்ளவரின் அறையிலும் வைக்கலாம். வெட்சியும் கோழிக்கொண்டையும் அவ்வாறே தொல்லை தராதவை. ரோஜாவின் மணம் சிலருக்குத் தும்மலையும் தலைவலியையும் உண்டாக்கும். அத்தகையோர் அதனை முற்றத்தோடு நிறுத்திக்கொள்வது நன்று.

கிறிஸ்துமஸ் காலத்தில் நாற்றங்கால்களில் கிடைக்கும் பாயின்செட்டியாவைப் பற்றிய அச்சம் உண்மையைவிடப் பெரிது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியை 1820களில் அமெரிக்கத் தூதராக அங்கிருந்த பாயின்செட் என்பவர் தம் நாட்டுக்கு அனுப்பினார். அவர் பெயரே செடிக்கு நிலைத்துவிட்டது. நாம் பூவென்று எண்ணும் சிவப்புப் பகுதி உண்மையில் இலை. நடுவில் சிறு மஞ்சள் மணிகளாய் இருப்பவையே பூக்கள். நீண்ட இரவுகளின் தொடர்ச்சியான இருட்டில்தான் அவ்விலைகள் சிவக்கும். தெருவிளக்கின் அடியில் வைத்த செடி பச்சையாகவே நிற்பதற்குக் காரணம் அதுவே. குழந்தை ஓர் இலையை மென்றுவிட்டால் பெரும்பாலும் வாயெரிச்சலோடும் சிறு வாந்தியோடும் முடிந்துவிடும். ஆயினும் கிள்ளினால் வடியும் பால் தோலிலும் கண்ணிலும் எரிச்சல் தரும். கண்ணில் பட்டால் தூய நீரால் 15 நிமிடம் கழுவி, மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். ரப்பர் கையுறை ஒவ்வாத நோயாளிகள் இச்செடியைத் தொடாதிருப்பது நலம்.

உண்மையான ஆபத்து நம் வேலியோரத்துச் செடிகளில்தான் இருக்கிறது. செவ்வரளியின் பூ, இலை, பட்டை, வேர் அனைத்தும் நஞ்சு. அந்நஞ்சு இதயத்தைத் தாக்கும். இதய நோயாளிகள் சிலர் உட்கொள்ளும் டிஜாக்சின் மாத்திரையைப் போன்றே செயல்படும். ஆகவே அம்மாத்திரையை எடுத்துக்கொள்பவர் உடலில் அரளி நஞ்சும் சேர்ந்தால் கேடு பன்மடங்காகும். சாமி படத்துக்கு அரளி மாலை சாத்துவதை நாங்கள் தடுக்கவில்லை. தொட்டபின் கையைக் கழுவுங்கள். தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் சாத்துங்கள். அரளி மிதந்த நீரை ஆடு மாடு குடிக்கும் இடத்தில் ஊற்றாதீர்கள். மாட்டுப் பொங்கலன்று மாட்டின் கழுத்துக்கு அரளி வேண்டவே வேண்டா. அது மேய்ந்தால் மாடும் மாண்டுபோகும். கோழிக்கொண்டையும் செண்டுப்பூவும் அங்கே போதும்.

மற்றொன்று செங்காந்தள். தமிழ்நாட்டின் மாநில மலர். கபிலர் இயற்றிய குறிஞ்சிப்பாட்டின் மலர் வரிசையில் முதலாவதாக நிற்பதும் இதுவே. மஞ்சளாய் விரிந்து பின் செந்தழலாய் மாறும் இப்பூவைக் கண்டு வியக்காதவர் இலர். இதன் கிழங்கைக் கண்வலிக் கிழங்கு என்றும், வடிவம் பற்றிக் கலப்பைக் கிழங்கு என்றும் அழைப்பர். அதிலும் விதையிலும் கோல்ச்சிசின் என்னும் வேதிப்பொருள் உள்ளது. அளவறிந்து மருத்துவர் தரும்போது அது மூட்டு வீக்கத்துக்கு மருந்து; அளவு மீறினால் உயிர்க்கொல்லி. பொங்கலுக்கென மண்ணிலிருந்து தோண்டும் சர்க்கரைவள்ளிக் கிழங்குகளோடு வேலியோரக் கிழங்கு கலந்துவிடாமல் காக்க வேண்டும். இந்நஞ்சின் போக்கு ஏமாற்றக்கூடியது. சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பின் சற்றுத் தணிந்தது போலத் தோன்றலாம். ஆனால் அடுத்த நாள்களில் இரத்த அணுக்கள் குறையும். பிழைத்தவருக்கு இரண்டாம் வாரத்தில் தலைமுடி கொட்டுவதும் உண்டு. வாந்தி நின்றுவிட்டதே என்று வீட்டிலேயே இருந்துவிடலாகாது.

இவ்விரண்டில் எதனை உண்டிருந்தாலும் உப்புக் கரைசலோ சோப்பு நீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அது நுரையீரலுக்குள் புகுந்து வேறொரு நோயை உண்டாக்கும். 108க்கு அழையுங்கள். உண்ட செடியின் ஒரு கிளையையோ கிழங்கின் துண்டையோ உடன் கொண்டு வாருங்கள். நாங்கள் விரைந்து முடிவெடுக்க அது பெரிதும் உதவும். அரளி உண்டவர் நடந்து வந்தாலும், பேசினாலும், இதயத்துடிப்பு பின்னர் தடுமாறக்கூடும் என்பதால் அவரை உள்நோயாளியாகச் சேர்த்துக் கண்காணிப்போம். "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று உறவினர் அழைத்துப்போக முயல்வது வழக்கம். அந்த இடத்தில் எங்களோடு சற்றுப் பொறுத்திருக்க வேண்டுகிறோம்.

செட்டிநாட்டு வீடுகளின் வளவில் பித்தளை உருளியில் நீர் நிரப்பிச் செம்மலர்களை மிதக்கவிடுவது கண்ணுக்கு விருந்து. வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய இம்மாதங்கள் டெங்குக் காய்ச்சல் பரவும் காலம் என்பதையும் உடன் நினைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு இத்தகைய தெளிந்த நீரையே நாடும். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். நீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில், நீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் அழியா. இரண்டு நாளைக்கு ஒரு முறை நீரைக் கொட்டி, உட்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவிய பின்னரே மீண்டும் நிரப்புங்கள். பூச்சாடிக்கும், செடித்தொட்டியின் அடித்தட்டுக்கும் இதுவே முறை.

புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவர், உறுப்பு மாற்று சிகிச்சை பெற்றவர், வெள்ளணு குறைந்தவர் ஆகியோர் அறையில் பறித்த பூவும் வேண்டா, மண்தொட்டியும் வேண்டா. பூச்சாடி நீரில் கிருமிகள் பெருகும். மண்ணில் பூஞ்சை வித்துகள் இருக்கும். நலமுள்ளவரை இவை தொடா, இவர்களை விடா. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் பூங்கொத்தை நாங்கள் அனுமதிக்காததன் காரணமும் இதுவே. அவர்களுக்காகத் தாளில் பூ செய்து சன்னலில் ஒட்டலாம். வாசலில் செம்மண் இழுத்த கோலத்தையும், அதன் நடுவில் வைத்த செம்பருத்தியையும் அவர் சன்னல் வழியே காணும்படி கட்டிலைத் திருப்பிப் போடலாம்.

வாடிய மாலைகளைப் போகியன்று தீயிலிடுவது சிலர் வழக்கம். அரளிக் கிளைகளை எரிக்கும் புகையும் நஞ்சுடையது. இளைப்பு நோயாளிக்கு எந்தப் புகையும் ஆகாது. அரளியை மட்டும் தனியே பிரித்து, கால்நடை தோண்டாத இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிடுங்கள்.