எண்ணும் காவலும்

மதுரை மாநகருக்கு வடக்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், மேலூர் வட்டத்தில், அரிட்டாபட்டி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. ஊரைச் சூழ ஏழு குன்றுகள் நிற்கின்றன. அக்குன்றுகளின்மேல் பெய்யும் மழை பாறைச் சரிவுகளில் வழிந்து, சுனைகளை நிரப்பி, பின்னர்க் கண்மாய்களை வந்தடைகின்றது. இவ்வட்டாரத்தில் 72 ஏரிகளும், 200 இயற்கை நீரூற்றுகளும், 3 தடுப்பணைகளும் உள்ளன என்பது அரசின் கணக்கு. குன்றுகளில் சமணர் படுக்கைகளும், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும், சிவபெருமானுக்குரிய குடைவரைக் கோயிலும் காணப்படுகின்றன.

கல்லில் எழுதிய செய்தியைக் காலம் கடந்தும் படிக்கலாம். ஆயின், வானிற் பறக்கும் பறவையும் புதரில் ஒளியும் விலங்கும் தம் வரலாற்றை எழுதிவைப்பதில்லை. அவற்றைக் கண்டு, எண்ணி, ஏட்டில் ஏற்றுவோர் வேண்டும். அரிட்டாபட்டிக்கு அத்தகையோர் வாய்த்தனர். மதுரையிலிருந்து வந்த பறவை ஆர்வலர் சிலர், விடியற்காலையில் கண்மாய்க் கரைகளிலும் குன்றின் அடிவாரங்களிலும் நடந்து, கண்ட பறவைகளைக் குறித்துவைத்தனர். எந்தப் பாறையில் எந்தப் பறவை கூடு கட்டும், எந்தச் சுனை கோடையிலும் வற்றாது என்பவற்றை ஊர்மக்கள் வழிவழியாக அறிந்திருந்தனர். இருவகை அறிவும் ஒன்றாயின. ஏறத்தாழ 250 பறவையினங்கள் இங்குக் காணப்படுவது தெரியவந்தது. லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிக் கழுகு ஆகிய அரிய வேட்டைப் பறவைகளும் அவற்றுள் அடங்கும். தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு ஆகியனவும் இவ்விடத்தில் வாழ்கின்றன.

இங்ஙனம் திரண்ட சான்றுகள் வீண்போகவில்லை. 2022ஆம் ஆண்டு நவம்பரில், அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 193 ஹெக்டேர் நிலப்பரப்பைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. தமிழ்நாட்டில் இச்சிறப்பைப் பெற்ற முதல் தலம் இதுவே.

ஈராண்டு கழிந்ததும் இத்தலத்திற்கு ஒரு சோதனை நேர்ந்தது. 2024 நவம்பரில், டங்ஸ்டன் என்னும் உலோகத்தைத் தோண்டி எடுப்பதற்காக, இத்தலத்தையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேர் நிலப்பகுதி ஏலம் விடப்பட்டது. செய்தி அறிந்த ஊர்கள் பலவும் ஒன்றுகூடின. டிசம்பர் 9 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் ஏலத்தை எதிர்த்துத் தீர்மானம் இயற்றியது. 2025 ஜனவரி 7 அன்று மேலூர்ப் பகுதி மக்கள் ஆயிரக்கணக்கில் மதுரையை நோக்கிப் பேரணியாகச் சென்றனர். அம்மாதம் 23ஆம் நாள் நடுவணரசு ஏலத்தை நீக்கியது. பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தின் சிறப்பும் அதற்குரிய காரணமாகக் கூறப்பட்டது. ஊரைக் காத்தது மக்களின் ஒற்றுமை. அவ்வொற்றுமைக்குச் சான்றாக நின்று துணைபுரிந்தது, ஆண்டுக்கணக்கில் அமைதியாக எழுதப்பட்ட ஏடு.

அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாத பொதுமக்கள், அறிவியலுக்குரிய செய்திகளை முறையாகத் திரட்டித் தரும் இப்பணியைக் குடிமக்கள் அறிவியல் என்பர். 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பறவைகளைச் சுட்டு வீழ்த்தும் போட்டிக்கு மாற்றாக அவற்றை எண்ணும் வழக்கத்தை அமெரிக்காவில் ஃபிராங்க் சேப்மன் என்பார் தோற்றுவித்தார். அன்று எண்ணியோர் 27 பேரே. அவ்வழக்கம் இன்றும் தொடர்கின்றது. தமிழ்நாட்டில் 2015ஆம் ஆண்டு முதல் பொங்கல் நாள்களில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகின்றது. 2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலைபற்றிய அறிக்கை, ஏறத்தாழ 30,000 ஆர்வலர்கள் அளித்த 3 கோடிக் குறிப்புகளை ஆராய்ந்து, 942 இனங்களின் நிலையை எடுத்துரைத்தது. அவற்றுள் 178 இனங்கள் உடனடிப் பாதுகாப்பை வேண்டி நிற்கின்றன. இத்துணைப் பெரிய கணக்கைச் சம்பளம் பெறும் அறிஞர் சிலர் மட்டும் எடுத்தல் இயலாது.

ஐக்கிய நாடுகள் அவை 2015ஆம் ஆண்டில், 2030க்குள் எய்தவேண்டிய 17 வளர்ச்சி இலக்குகளை வகுத்தது. நிலத்தையும் நீரையும் வருங்காலத்தார்க்கும் பயன்படுமாறு பேணுதல் அவற்றின் அடிப்படை நோக்கமாகும். பேணப்படும் பொருள் பெருகுகின்றதா, குறைகின்றதா என்பதை அறியாமல் பேணுதல் எங்ஙனம்? அவ்வறிவை ஊர்தோறும் தரவல்லோர் அவ்வவ்வூர் மக்களே.

மக்கள் ஊதியமின்றிச் செய்யும் பணிக்குப் பொருள் எதற்கு எனச் சிலர் வினவலாம். எண்ணுவோர் கூலி வேண்டார். ஆயினும் எண்ணும் பணிக்குச் செலவு உண்டு. தொலைநோக்கி வேண்டும், பறவைகளை இனங்காணத் துணைசெய்யும் நூல் வேண்டும், புதியவர்க்குப் பயிற்சி வேண்டும். வந்த குறிப்புகளுள் பிழையானவற்றைக் களைவோர் வேண்டும். களைந்தவற்றை அழியாமற் காக்கும் இடமும் வேண்டும். இவையின்றேல், ஓராண்டு எழுந்த ஊக்கம் மறு ஆண்டில் அடங்கிவிடும். தொடர்ச்சியற்ற கணக்கோ, நடுவே ஏடுகள் உதிர்ந்துபோன சுவடியை ஒக்கும்.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஏரியை வெட்டியதோடு அவர்கள் அமையவில்லை. ஆண்டுதோறும் அதனைச் செப்பனிடுவதற்கென நிலம் ஒதுக்கி, அதற்கு ஏரிப்பட்டி எனப் பெயரிட்டனர். உத்திரமேரூரில் ஏரியைக் கண்காணிக்க ஏரி வாரியம் இருந்தது. மதுரைச் சமவெளியில், கண்மாய் மடையைத் திறந்து நீரைப் பங்கிட்ட நீர்க்கட்டிக்கு, உழவர் தத்தம் விளைச்சலில் ஒரு பங்கை அளந்தனர். ஒருநாட் பெருங்கொடையினும் ஆண்டுதோறும் தவறாது வரும் சிறுகொடையே ஏரியைக் காத்தது. எண்ணும் பணிக்கும் இத்தகைய ஏரிப்பட்டி ஒன்று வேண்டும்.

இக்காலத்தில் அதற்கு வழி இல்லாமல் இல்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டம், ஊராட்சிதோறும் மேலாண்மைக் குழு ஒன்று அமைய வேண்டும் என்று விதிக்கின்றது. ஊரிலுள்ள செடி கொடிகளையும் விலங்குகளையும், அவற்றைப் பற்றிய மக்களின் அறிவையும் பதிந்து வைக்கும் மக்கள் பதிவேடு ஒன்றை அக்குழு உருவாக்குதல் வேண்டும். உள்ளூர் நிதி ஒன்றுக்கும் அச்சட்டம் இடம் தருகின்றது. அரசின் மானியமும், வணிகத்திற்காக உயிர்வளங்களைச் சேகரிப்போரிடம் பெறும் கட்டணமும் அந்நிதியிற் சேரலாம். தொழில் நிறுவனங்களும் துணைநிற்கலாம். மரங்கள் தளிர்ப்பதையும் பூப்பதையும் காய்ப்பதையும் பள்ளி மாணவர் வாரந்தோறும் குறித்துவரும் சீசன்வாட்ச் என்னும் திட்டத்திற்கு, விப்ரோ நிறுவனம் பொருளுதவி செய்தமை இதற்கு எடுத்துக்காட்டாகும்.

கொடுப்போர் மறவாது கொள்ளவேண்டிய நெறிகள் மூன்று உள. எண்ணிக்கைக்குத் தக்கவாறு பணம் தருதல் ஆகாது. தரின், இல்லாத பறவையும் ஏட்டில் ஏறிவிடும். பொருள் கொடுத்தோர் விரும்பும் முடிவை ஏடு கூறவேண்டும் என எதிர்பார்த்தலும் ஆகாது. குறைந்ததைக் குறைந்ததென்று கூறும் ஏடே ஊருக்குப் பயன்படும். திரட்டிய செய்தி நகரத்து அலுவலகத்தில் உறங்குதலும் ஆகாது. அது தமிழில், மக்கள் படித்தறியும் வண்ணம், அவ்வூருக்கே திரும்பி வருதல் வேண்டும். தன் கண்மாயைப் பற்றித் தான் எழுதிய ஏட்டைத் தானே படிக்கும் ஊர், அக்கண்மாயை எளிதில் இழவாது.

மதுரையைச் சூழ்ந்த சமவெளியில் கண்மாய்கள் மிகப் பல. அவற்றுள், கரையில் வாழும் உயிர்கள் எண்ணி எழுதப்பெற்றவை சிலவே. எழுதப்பெறாத கண்மாய் வறண்டாலும், மண்ணிட்டு மூடப்பட்டாலும், அங்கு என்ன இருந்தது என எடுத்துரைப்பார் இரார். பள்ளிகளில் இயங்கும் பசுமைப் படை மன்றங்கள் ஒவ்வொன்றும் ஒரு கண்மாயைத் தனதாக ஏற்று, மாதம் ஒருமுறை அதன் கரையில் நடந்து, கண்டதைக் கண்டவாறே எழுதிவருமாயின், பத்தாண்டுகளில் அவ்வேடு ஊரின் பெருஞ்செல்வமாகும். அரிட்டாபட்டியின் ஏடும் ஒருநாள் காலையில், ஒரு பறவையின் பெயரோடு தொடங்கியதே ஆகும்.