மனச்சோர்வு: மூளைக்குள் என்ன நடக்கிறது?

"ஏனுங் டாக்டர், ஸ்கேன் எடுத்தா ஒண்ணுமே இல்லைங்கறாங்க. இவரு எழுந்திரிக்கவே மாட்டேங்கறாரு. சோறு எறங்கறதில்ல, தூக்கமும் இல்ல. நரம்புத் தளர்ச்சிங்களா?"

காந்திபுரத்தில் என்னிடம் கணவரை அழைத்து வந்த ஒரு அம்மா கேட்ட கேள்வி இது. கணவர் விசைத்தறி வைத்திருப்பவர். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை இரண்டே வாரத்தில் நிறுத்திவிட்டு, 'நாட்டு மருந்து போதும்' என்று வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

இந்தக் கதை தொடங்குவதே ஒரு நாட்டு மூலிகையில்தான். சர்ப்பகந்தாவின் வேர் ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று பம்பாய் இதய நிபுணர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். 1952-ல் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனம் சோர்ந்து போனதாக டாக்டர்கள் எழுதினார்கள். மூளை நரம்புகளில் செரட்டோனின், நார்அட்ரினலின், டோபமைன் ஆகியவற்றின் இருப்பை அது காலி செய்துவிடுவதும் தெரிய வந்தது.

அதே சமயத்தில் அமெரிக்காவில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியசிட் என்ற மருந்து, நோயாளிகளை உற்சாகப்படுத்தியது. அது இதே ரசாயனங்கள் சிதையாமல் தடுப்பது. ஆக, 'ரசாயனம் குறைந்தால் சோர்வு, கூடினால் உற்சாகம்' என்ற கருத்து 1960-களில் வேரூன்றியது.

கணக்கு அவ்வளவு சுலபமா?

இல்லை. மாத்திரை போட்ட சில மணி நேரத்திலேயே செரட்டோனின் செயல்பாடு மாறத் தொடங்கிவிடுகிறது. ஆனால் மனம் தெளிய 2 முதல் 4 வாரமோ, அதற்கு மேலுமோ ஆகிறது. ரெசர்பின் எல்லோரையும் சோர்வில் தள்ளவும் இல்லை. அதுவரை நடந்த ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்த லண்டன் ஆய்வாளர்கள், செரட்டோனின் குறைவுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-ல் எழுதினார்கள். அதனால் 'மாத்திரை வீண்' என்று அர்த்தமில்லை. மருந்து பலன் தருவது வேறு, நோயின் மூலகாரணம் வேறு. தலைவலி மாத்திரையில் வலி நின்றால், உடம்பில் அந்த மாத்திரை குறைந்துதான் தலை வலித்தது என்போமா?

அமைப்பிலும் மாற்றம்

நினைவாற்றலுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, கடல் குதிரை போல வளைந்திருக்கும். மனச்சோர்வு அடிக்கடி திரும்பி வந்தவர்களிடம் இது சராசரியாகச் சற்றுச் சிறுத்திருப்பதைப் பல நாடுகளின் ஸ்கேன்களைச் சேர்த்துப் பார்த்த 2015-ம் ஆண்டு ஆய்வு காட்டியது. வித்தியாசம் 1 சதவீதத்தை ஒட்டித்தான். அதனால்தான் ஒருவருடைய ஸ்கேனை மட்டும் பார்த்து இந்த நோயைச் சொல்ல முடியாது. ஸ்கேன் சரியாக இருந்தால், 'நடிக்கிறார்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள்!

ஏன் சிறுக்கிறது? ஓயாத கவலையில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நீண்ட நாள் கூடி நிற்கிறது. நரம்புக் கிளைகளுக்கு உரம் போன்ற புரதம் குறைகிறது. தண்ணீரும் உரமும் இல்லாத தென்னை காய்க்காமல் நிற்பது போலத்தான். ஆனால் இது பட்ட மரம் அல்ல. 2011-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், வாரம் 3 நாள் என ஓராண்டு நடந்த முதியவர்களுக்கு ஹிப்போகேம்பஸ் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. அவர்கள் மனச்சோர்வு நோயாளிகள் அல்ல. ஆனாலும் மூளை மறுபடி தழைக்கும் என்பதற்கு அது சான்று.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கம், பசிக் கோளாறு 2 வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, ரத்தசோகை உண்டா என்றும் பாருங்கள்.
* மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். குறைப்பதும் டாக்டர் சொல்கிறபடி படிப்படியாகத்தான்.
* சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்: மனச்சோர்வு உள்ளவர்கள் சர்ப்பகந்தாவைத் தொடவே கூடாது. அமுக்கரா சூரணமானாலும் இரு டாக்டர்களுக்கும் தெரியாமல் மாத்திரையோடு சேர்க்காதீர்கள்.
* 'செத்துப் போயிட்டா நல்லாருக்கும்' என்ற பேச்சை லேசாக எடுக்காதீர்கள். தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

அன்று அவரைப் பழைய டாக்டரிடமே திருப்பி அனுப்பினேன். காலை நடையை மட்டும் நான் சேர்த்தேன். இரண்டு மாதம் கழித்து அந்த அம்மா வந்து சொன்னார்: "நேத்து அவரே சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாருங்க!"