மலைவண்டியின் கிரவுன் பினியனை மாற்றுதல் தகுமா?

கடம்பூர், திம்பம், தாளவாடி ஆகிய மலைப்பகுதிகளிலிருந்து விளைபொருளைச் சத்தியமங்கலத்துக்கு இறக்கும் வேலையில் ஜீப் வண்டிகளுக்குத் தனி இடமுண்டு. மக்காச்சோளம், ராகி, முட்டைக்கோசு, குச்சிக்கிழங்கு எதுவாயினும், லாரி புகாத இடத்தில் அதுவே துணை. இத்தகைய வண்டி ஒன்றைச் சங்கம் வைத்திருக்குமாயின் ஒருநாள் இக்கேள்வி நிர்வாகக் குழுவின்முன் வந்தே தீரும்: "வண்டி மேடு இழுக்கவில்லை, கிரவுன் பினியனை மாற்றிவிடலாமா?" செலவு சிறிதன்று. பணமோ அங்கத்தினர் அனைவருடையது. அதில் மலையேறியே பார்த்திராத நெசவாளரின் பங்கும் அடங்கும். ஆதலின் கை தூக்குமுன் பொருளை விளங்கிக்கொள்ளுதல் முறையாகும்.

தாறு சுற்றும் இராட்டையை நெசவாளர் நன்கறிவர். பெரிய சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, கதிர் பல சுற்றுச் சுற்றுகிறது. வேகம் கூடுகிறது, விசை குறைகிறது. வண்டியின் அச்சுக்குள் இருப்பது இதன் தலைகீழ். எட்டுப் பற்களுடைய சிறு பினியன், நாற்பதையொட்டிய பற்களுடைய கிரவுன் சக்கரத்தைச் சுழற்றுகிறது. வேகம் குறைந்து விசை பெருகுகிறது. கிரவுனில் 39 பற்கள் இருந்தால் விகிதம் 4.88, 43 பற்கள் இருந்தால் 5.38. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் இராணுவ ஜீப்பில் 4.88 இருந்தது. அதே நிறுவனம் 1945-இல் உழவருக்கென்று விற்பனைக்குக் கொணர்ந்த வண்டியில் 5.38 வைத்தது. பட்டாளத்துக்குச் சாலை வேகம் வேண்டியிருந்தது, கலப்பை இழுப்பவனுக்கு விசை வேண்டியிருந்தது என்று இதனைக் கொள்ளலாம். விகிதத்தைப் பெருக்குவதால் இயந்திரத்தின் ஆற்றல் ஒரு குன்றிமணியளவும் கூடுவதில்லை. 4.88-இலிருந்து 5.38-க்குப் போனால் சக்கரத்தில் இழுவிசை நூற்றுக்குப் பத்து மிகும். ஒவ்வொரு கியரிலும் வேகம் அதே அளவுக்குக் குறையும். கொடுத்து வாங்குவதே அன்றி வேறில்லை.

வண்டியில் இப்போது எந்த விகிதம் உள்ளது என்பதை எவர் சொல்லையும் நம்பாமல் எண்ணிப் பார்த்தல் நலம். பழைய வண்டிகளில் இடையில் எத்தனை கைகள் மாறியதோ யாரறிவார்! சமதரையில் மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கி, கியரை நியூட்ரலில் வைக்கவும். பழைய ஜீப்பின் கைப்பிரேக் புரொப்பல்லர் தண்டையே பிடிப்பதாகையால் அதனைத் தளர்த்தியாக வேண்டும். கட்டை இன்றியமையாதது என்பது இதனாலேயே. தூக்கிய சக்கரத்தை இருமுறை முழுதாகச் சுழற்றினால் கிரவுன் ஒரு சுற்றுச் சுற்றும். அதற்குள் தண்டு ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் 4.88; ஐந்தேகாலைத் தாண்டினால் 5.38.

இனி, வண்டி ஏன் இழுக்கவில்லை என்று கேட்க வேண்டும். கிளச்சுத் தட்டுத் தேய்ந்திருந்தாலும், இயந்திரத்தில் அமுக்கம் குன்றியிருந்தாலும், பிரேக் கட்டை உரசிக்கொண்டிருந்தாலும் அதே முறையீடுதான் எழும். இவற்றை விட்டுப் பல்சக்கரத்தை மாற்றுவது, பாவு தளர்ந்திருக்க நாடாவைக் குறை கூறுவதை ஒக்கும்.

இவை யாவும் செம்மையாயிருந்தும் இழுக்கவில்லை எனில், டயரைப் பார்க்கவும். பெரும்பாலான வழக்குகளின் வேர் அங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. கல்லிலும் சேற்றிலும் அடி தட்டாதிருக்க 6.00-16 அளவை எடுத்துவிட்டு 7.50-16 போடுவது பலரது வழக்கம். முன்னது ஒரு சுற்றில் ஏறத்தாழ 2.2 மீட்டர் உருளும். பின்னது ஏறத்தாழ 2.45 மீட்டர். அதாவது, எவரும் அச்சைத் திறவாமலே 4.88 விகிதம் 4.38 போல வேலை செய்யத் தொடங்கிவிடுகிறது. இழுவிசையில் நூற்றுக்குப் பத்துப் பங்கு டயர்க் கடையிலேயே போய்விட்டது! இவ்வண்டிக்கு 5.38 போட்டால் அது 4.83-க்குச் சமமாகும், புதிதாக ஏதும் பெறவில்லை, இழந்ததை மீட்டோம் என்பதே பொருள். டயர் தேயும் தறுவாயில் இருந்தால், பழைய அளவுக்கே திரும்புவது சிக்கனமான மருந்து. கல்தட்டும் வழியாதலால் பெரிய டயர்தான் வேண்டும் என்றால், அப்பொழுது கிரவுன் பினியனை மாற்றுவதற்கு நியாயமுண்டு.

டயர் மாறாத வண்டியாயின், இடர் எவ்விடத்தில் நேர்கிறது என்பது முடிவைத் தீர்மானிக்கும். நாற்சக்கர இயக்கமுள்ள பழைய ஜீப்பில் டிரான்ஸ்பர் பெட்டி என்ற இரண்டாவது கியர்ப்பெட்டி உண்டு. அதிலுள்ள தாழ்கியர் விசையை மேலும் 2.46 மடங்கு பெருக்குகிறது. 5.38 அச்சும் 2.798 முதல் கியரும் உள்ள வண்டியில், இயந்திரம் சுமார் 15 சுற்றுச் சுற்றச் சக்கரம் ஒன்று சுற்றும். தாழ்கியரில் சுமார் 37 சுற்று! அச்சை மாற்றிக் கிட்டும் பத்துப் பங்கு இதன்முன் எம்மாத்திரம்? அந்த நெம்புகோலைத் தொடாமலே வண்டியைக் குறை கூறும் ஓட்டுநரும் உளர். காட்டாறுகள் குறுக்கிடும் மாக்கம்பாளையம் போன்ற மண்வழியில்தான் திணறுகிறது என்றால், முதலில் அந்த நெம்புகோலைப் பழக்குக. ஒரு காசும் செலவில்லை.

ஆனால் பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டையூசி வளைவுகளில் இம்மருந்து பலிக்காது. அவ்வமைப்பில் முன்சக்கரங்களையும் இணைத்தால்தான் தாழ்கியர் விழும். முன்பின் அச்சுகள் பிணைந்த நிலையில் தார்ச்சாலையில் வளைத்தால் சக்கரம் வழுக்க இடமின்றி உள்ளே முறுக்கேறி, தண்டும் பல்லும் ஒடியும். ஆகவே தார்ச்சாலை மலையேற்றமே நித்திய வேலை என்னும் வண்டிக்குத்தான் அச்சு விகிதம் உண்மையில் பயன் தருகிறது. இறங்கும்போதோ அதன் மதிப்பு இன்னும் மிகுதி. பாரத்தோடு இறங்குகையில் பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். விகிதம் கூடின், தாழ்ந்த கியரில் இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். 2022-இல் உயர் நீதிமன்ற ஆணையால் அச்சாலையில் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்படுத்தப்பட்டபின், நேரத்துக்குக் கீழே சேர வேண்டுமென்ற அவசரமும் கூடியுள்ளது. அவசரக்காரன் கையில் பிடிப்பில்லாத வண்டி இருத்தல் ஆகாது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது நிமிடத்துக்கு 1000 மீட்டர். பழைய அளவு டயரில் சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 455 சுற்று. டாப் கியரில் இயந்திரம் 4.88 விகிதத்தில் சுமார் 2220 சுற்றும், 5.38-இல் சுமார் 2450 சுற்றும் சுற்ற வேண்டும். பெட்ரோல் இயந்திரம் இதனைப் பொறுக்கும். பெட்ரோலை எடுத்துவிட்டு டீசல் வைத்த வண்டிகளில், 3000 சுற்றை ஒட்டியே எல்லை உள்ள இயந்திரம் ஓயாது அலறும், எண்ணெயும் வீணாகும். அங்கே செய்யத்தக்கது விகிதத்தைக் குறைப்பதே. இயந்திரத்தையே மாற்றிய வண்டியாயின், 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி பதிவு அதிகாரியின் அனுமதி பெறப்பட்டதா என்பதையும் குழுவினர் கேட்பாராக. கோபியும் ஈரோடுமாகச் சமவெளியில் பாதிநாள் ஓடும் வண்டிக்கு 5.38 நான் பரிந்துரையேன்.

மாற்றுவதென்று முடிவானால் மதிப்பீடு முழுமையாக இருக்க வேண்டும். பின்னச்சில் மட்டும் மாற்றி முன்னச்சைப் பழையபடி விடலாம், முன்னியக்கத்தை எப்போதோதானே போடுகிறோம் என்று சொல்வார் உண்டு. அவ்வாறு செய்த வண்டியில் நாற்சக்கர இயக்கத்தைப் போட்ட மாத்திரத்தில் இரு அச்சுகளும் ஒன்றோடொன்று போரிடும். சேற்றுவழிக்கு அவ்வண்டி உதவாது. எனவே இரண்டு அச்சுகளுக்கும் இரண்டு ஜதை. கிரவுனும் பினியனும் ஒன்றுக்கொன்று இழைத்துப் பொருத்திய ஜதையாகையால், ஒன்றிலிருந்து கிரவுனும் மற்றொன்றிலிருந்து பினியனும் சேர்த்தல் கூடாது. பேரிங்கு, சீல், ஷிம், எண்ணெய், பொருத்துகூலி யாவும் சேர்த்தே விலைப்புள்ளி கேட்கவும். கூலியில் பேரம் பேசுவதைவிட, பற்களில் சாயம் தடவிப் படியும் தடத்தைப் பார்த்து, இடைவெளியை டயல் கருவியால் அளந்து பொருத்துபவரைத் தேடுவது மேல். பினியன் ஒரு நூலிழை உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அச்சு ஊளையிடும்; பின்னர்ப் பல் தின்னும்.

வேகமானியும் டிரான்ஸ்பர் பெட்டியிலிருந்தே ஓடுவதால் அதன் கணக்கு மாறும். பழைய அளவு டயரோடு 5.38-க்கு மாறிய வண்டியில் அது ஓடிய தூரத்தை நூற்றுக்குப் பத்து மிகுத்துக் காட்டும். லாக் புத்தகத்தில் மாற்றிய தேதியையும், அன்றைய கிலோமீட்டரையும் சிவப்பு மையால் குறித்து, அதற்குப் பின் எண்ணெய்ச் செலவைத் திருத்திய தூரத்தோடு ஒப்பிடவும். முதல் 500 கிலோமீட்டர் வரை முழுப்பாரம் ஏற்றாமல், இடையிடையே நிறுத்தி அச்சுப் பெட்டியின் சூட்டைக் கையால் தொட்டுப் பார்க்கும்படி ஓட்டுநருக்கு எழுத்து மூலம் அறிவித்துவிடுவது நல்லது.